வெள்ளைக்கு மங்கும் விளக்கு

பாரியின் வேலை இன்னது என்று கோலார் தங்கவயலில் யாருக்கும் புரிந்ததில்லை. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது, விளக்குகிறவன் பாரி. "கட்டடங்களில் பகல் வெளிச்சத்தை அளந்து, அதற்கு ஏற்றபடி மின்விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு" என்று அவன் தொடங்கும்போதே எதிரில் நிற்பவரின் கண் மெல்லக் கடிகாரத்துக்குப் போய்விடும். அவன் அக்கா சுனிதா அந்தச் சிரமமெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. "பெங்களூருல பெரிய பெரிய ஆபீசுங்கள்ல லைட்ட அணைக்கிறான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். "அதுக்கு இன்ஜினியர் படிக்கணுமா?" என்று கேட்பார்கள். அவளும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "படிச்சுட்டான், இன்னா பண்றது" என்பாள்.

யோசித்துப் பார்த்தால் அக்கா சொன்னதுதான் சரி. கண்ணாடிச் சுவர் எழுப்பிய பெங்களூர்க் கட்டடங்களில் கொளுத்தும் வெயிலிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பாரி போய் கூரையில் ஒரு சென்சாரைப் பதிப்பான். கவிழ்த்த மோர்க் கிண்ணம் அளவுக்குத்தான் இருக்கும். அது நாள் முழுக்கக் கீழே பார்த்தபடி இருக்கும். ஜன்னல் வழியே வெயில் வந்தால் விளக்கைத் தணிக்கும், மேகம் மூடினால் ஏற்றும். கீழே கணினியைத் தட்டிக்கொண்டிருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. "நாம இருக்கிறதே யாருக்கும் தெரியக் கூடாது, அதான் நல்ல வேலை" என்று தன்னிடம் தொழில் கற்கிறவர்களுக்கு அவன் சொல்லுவான். இந்த உயர்ந்த நிலையைத் தன் சொந்த வாழ்க்கையில் அவன் எப்போதோ எட்டிவிட்டான். முப்பத்தெட்டு வயதாகியும் அவன் இருப்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை.

ஓவியாவுக்கு மட்டும் தெரியும். அவளும் அவனைப் போலத் தங்கவயலில் கோரமண்டல் பகுதிக்காரிதான். பெங்களூரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். மூன்று வருஷமாக இருவரும் பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் ஒரே பெட்டியில் ஏறுகிறார்கள், பெரும்பாலும் எதிரெதிரே உட்காருகிறார்கள். ஒரு மனிதன் ஒரு பெண்ணிடம் மனதைத் திறக்க இதைவிட வசதியான ஏற்பாட்டை ரயில்வே செய்து தர முடியாது. பாரி அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டான். "இன்னைக்கு மேகமா கீது, வெளிய பத்தாயிரம் லக்ஸ்தான் இருக்கும்" என்று வெளிச்சத்தை அளக்கும் கணக்கில் சொல்லுவான். "அப்டிங்களா" என்பாள் ஓவியா. "நேத்து அம்பதாயிரம் தாண்டியிருக்கும்" என்பான். அவள் தன் டிபன் டப்பாவைத் திறந்து அவன் பக்கம் நீட்டுவாள். இட்லியை எடுத்துக்கொண்டு மறுபடி லக்ஸுக்கே போவான்.

சென்சார் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு துண்டு மேகம் சூரியனைக் கடந்தவுடனே விளக்கு துள்ளி எழக் கூடாது. கொஞ்சம் பொறுத்து, மேகம் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அந்தப் பொறுமைக்குச் சில நிமிஷங்களை ஒதுக்குவது வழக்கம். பாரி தனக்கென்று மூன்று வருஷம் ஒதுக்கியிருந்தான்.

இந்த நிலையில்தான் கோரமண்டல் புத்த விகாரையின் மண்டபத்துக்குப் புது எல்இடி விளக்குகள் வந்தன. மண்டபச் செயலாளர் தர்மராஜ், ஓவியாவின் அப்பா. சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர், பிறகு பெங்களூரில் செக்யூரிட்டியாக நின்று ஓய்வு பெற்றவர். அவருடைய பெரிய குறை, மண்டபத்துக்கு வரும் பிள்ளைகள் சுவிட்சைத் தட்டித் தட்டி விளையாடுகிறார்கள் என்பது. அடுத்த குறை, பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டே கிடக்கிறது என்பது. பாரிக்கு இரண்டும் தேன் மாதிரி காதில் விழுந்தன. "மாமா, சுவிட்சே இல்லாம பண்ணிடலாம்" என்றான்.

தங்கவயலில் வயதில் மூத்த யாரையும் மாமா என்று கூப்பிடலாம், தப்பில்லை. ஆனால் தர்மராஜைக் கூப்பிடும்போது மட்டும் பாரி அந்தச் சொல்லைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவான். மூன்று வருஷத்தில் அவன் காட்டிய மொத்தத் துணிச்சலும் அந்த அழுத்தம்தான்.

ஒரு வேலையில் மிஞ்சிப்போன சென்சார் ஒன்றை, மேலாளரிடம் கேட்டு வாங்கிவந்து மண்டபத்தின் நடுக்கூரையில் பதித்தான். அவ்வளவு பெரிய மண்டபத்துக்கு ஒன்று போதாதுதான். மூன்று வேண்டும். அதைப் பற்றிப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். சுவிட்சுப் பலகையைக் கழற்றி, அந்த இடத்தைச் சிமெண்டு வைத்துப் பூசியும் ஆயிற்று. அடுத்து வெளிச்சத்துக்கு அளவு வைக்க வேண்டும். எவ்வளவு வெளிச்சம் இருந்தால் போதும் என்று சென்சாருக்கு ஒரு முறை சொல்லிக்கொடுப்பதுதான் அளவு வைப்பது. அதற்கும் ஒரு நியதி இருக்கிறது. அறை காலியாக இருக்கும்போது அளவு வைக்கக் கூடாது. மேஜை நாற்காலி வந்து, ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகே வைக்க வேண்டும். புதிதாகச் சேரும் எல்லாருக்கும் முதல் நாளே பாரி இதைச் சொல்லுவான். ஒருமுறை ஒரு பையன் இதை மறந்ததற்கு, எல்லார் முன்னாலும் அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருக்கிறான்.

மண்டபம் காலியாகத்தான் கிடந்தது. கீழே பளபளவென்று சிவப்புச் சிமெண்டுத் தரை. பாரி இன்னொரு நாள் ஆட்கள் இருக்கும்போது வந்து வைத்திருப்பான். ஆனால் ஏணிக்குக் கீழே ஓவியா நின்றிருந்தாள். சாவி கொடுக்க வந்தவள், சாவியைக் கொடுத்த பிறகும் போகவில்லை.

"இது ரொம்ப நேரம் ஆவுமா?" என்று கேட்டாள்.

"சே சே, ரெண்டு நிமிஷம்" என்றான் பாரி. ரிமோட்டை எடுத்து அமுக்கினான். விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டி நின்றன. அளவு வைத்தாயிற்று. எவ்வளவு வேகமாகச் செய்கிறான் என்று அவள் வியந்திருப்பாள் என்று நினைத்தபடி ஏணியிலிருந்து இறங்கினான்.

ஓவியா வியந்ததாகத் தெரியவில்லை. தரையைப் பார்த்தபடி, "அப்பா புத்த பௌர்ணமிக்கு ஒரு குடும்பத்த வரச் சொல்லியிருக்காரு" என்றாள். "பெங்களூருக்காரங்க. பையன் பேரு ஆகாஷ். நம்ம ஆளுங்கதான். பூஜை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் பேச்சை முடிச்சிடணும்னு அப்பாவுக்கு ஆசை." பிறகு அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க இன்னா சொல்றீங்க?"

இப்படி ஒரு கேள்வியை ஒரு பெண் இதைவிடத் திறந்து வைத்துக் கேட்க முடியாது. பாரி மூன்று வருஷமாகச் சொல்ல நினைத்தது எல்லாம் நெஞ்சுக்கு வந்து, வாயருகே வந்து, கடைசி நேரத்தில் வேறு ரயில் ஏறிப் போய்விட்டது.

"அன்னைக்கு வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றான். "கவலப்படாதீங்க."

ஓவியா தலையை ஆட்டினாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான். சுனிதா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அவ கேட்டதுக்கு நீ வெளிச்சம் நல்லா இருக்கும்னு சொன்னியா?"

"ஆமா."

"நீ மனுசனா, மீட்டரா?"

அன்று முழுக்கப் பாரிக்குச் சோறு இறங்கவில்லை. ஓவியா இல்லாத ரயில் பெட்டியையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பௌர்ணமியன்று அந்தக் குடும்பம் வந்து சேருவதற்குள் அவளிடம் பேசிவிடுவது என்று முடிவு செய்தான். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தான். லக்ஸ் என்ற சொல் ஒரு தடவைதான் வந்தது.

புத்த பௌர்ணமி வந்தது. சாயங்காலம் வெயில் இருக்கும்போதே பாரி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் மண்டபத்துக்குப் போய்விட்டான். விகாரைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அன்று வெள்ளைதான் உடுத்துவார்கள். ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை, பெண்களுக்கு வெள்ளைப் புடவை, பிள்ளைகளுக்கும் வெள்ளைதான். தங்கவயல் பௌத்தக் குடும்பங்களில் பிறந்த யாருக்கும் இது தெரியும். பாரிக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தன் சட்டைக்கு நீலம் போட்டு இஸ்திரி போட்டவனே அவன்தான். இதை இங்கே சொல்லிவைப்பது, பிறகு யாரும் அவன்மேல் இரக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

ஆரம்பம் பிரமாதமாக இருந்தது. ஜன்னலில் வெயில் அடித்தபோது விளக்குகள் அடங்கிக் கிடந்தன. மேகம் மூடியதும் யாரும் தொடாமலே மெல்ல ஏறின. தர்மராஜ் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து மேலே காட்டினார். "நம்ம பாரி பண்ணது. தானா பாத்துக்கும். நாம ஒண்ணும் பண்ண வேணாம்." பாரி அடக்கமாகச் சிரித்தான். அடக்கமாகச் சிரிப்பது அவனுக்கு வராது; பல் வலி வந்தவன் மாதிரி இருந்தது.

பொழுது சாய்ந்தது, கூட்டம் வரத் தொடங்கியது. ஊரிகத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. விளக்கு ஒரு துளி மங்கியது. மாரிக்குப்பம் ஆட்கள் வந்தார்கள். இன்னொரு துளி மங்கியது. வெளியே இருட்ட இருட்ட உள்ளே விளக்கு ஏற வேண்டும். அது எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு குடும்பமும் உள்ளே வந்து கும்பிட்டுவிட்டு உட்கார, மண்டபத்தில் வெளிச்சம் ஒவ்வொரு படி இறங்கியது.

"கேஜுல கீழ எறங்கற மாதிரி கீதே" என்றார் தர்மராஜ். சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டில் நின்றவருக்கு வெளிச்சம் நழுவுவது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். "பாரி, இன்னாப்பா இது?"

பாரி மேலே பார்த்தான். சென்சார் வழக்கம்போலக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அது எதைப் பார்க்கிறது என்று அவனும் கீழே பார்த்தான். சிவப்புத் தரையைக் காணவில்லை. சுவருக்குச் சுவர் வெள்ளை. காலி மண்டபத்தில் அளவு வைத்த மேதாவி யார் என்று அவனுக்குத் தெரியும். ரிமோட் பெங்களூர் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடக்கிறது. சுவிட்சைச் சிமெண்டு வைத்துப் பூசியவனும் அவனே. முதல் காரியமாகச் சென்சாருக்குக் கீழே நின்றிருந்த தன் சட்டையையாவது நகர்த்தலாம் என்று நாலடி தள்ளிப் போய் நின்றான். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

தர்மராஜ் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஓவியாவும் வந்து நின்றாள். வெள்ளைப் புடவை, காதருகே ஒரு சரம் மல்லிகை. அவள் முன்னால் "நான்தான் தப்பாப் பண்ணிட்டேன்" என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"லோ வோல்டேஜ் மாமா" என்றான் பாரி.

"அதான பாத்தேன்" என்றார் தர்மராஜ். செய்தி ஒரு நிமிஷத்தில் மண்டபம் முழுக்கப் பரவி, எல்லாரும் கரண்ட்காரனைத் திட்டத் தொடங்கினார்கள். ஓவியா மட்டும் மூலையில் வேகம் குறையாமல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு பாரியைப் பார்த்தாள். அவளோடு தனியாகப் பேசுவதற்கு வைத்திருந்த நேரம், இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு விழித்துக்கொண்டு நின்றதிலேயே கழிந்தது.

தர்மராஜ் மைக்கைப் பிடித்து, புத்தம் சரணம் என்று தொடங்கும் திரிசரணம் சொல்ல, அந்த அரையிருட்டில் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். பஞ்சசீலத்தில் நாலாவது, பொய் பேசாதிருப்பது. அந்த இடம் வந்தபோது பாரி இருமினான்.

அது முடிகிற நேரத்தில் வாசலில் கார்கள் வந்து நின்றன. ஆகாஷின் குடும்பம். பங்காருப்பேட்டையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தார்கள். வழியில் உடை மாற்ற இடமில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஆகாஷின் அம்மா உள்ளே வந்தார். அரக்குப் பட்டு உடுத்தியிருந்தார். அவர் பின்னால் கரும்பச்சையும் ஊதாவுமாகப் பட்டுப் புடவைகள், கோட் போட்ட இரண்டு பெரியவர்கள். ஆகாஷ் கருநீல ஜிப்பா போட்டிருந்தான், பார்க்கவும் நல்லவனாகத்தான் இருந்தான். விருந்தாளிகளை நடுநாயகமாக உட்காரவைப்பதுதானே மரியாதை. மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த வெள்ளைக் கூட்டத்தைத் தர்மராஜ் எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் அவர்களை உட்காரவைத்தார். சென்சாருக்கு நேர் கீழே.

விளக்குகள் எரிய ஆரம்பித்தன. முதலில் மெல்ல, பிறகு தைரியமாக, மண்டபம் முழுக்கப் பளிச்சென்று ஆனது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "அவங்க கால் வெச்சதும் வெளிச்சம் வந்துச்சு பாரேன்" என்று பின்னால் ஒரு பெண்குரல். "நல்ல எடம்தான் போல" என்று இன்னொன்று. ஆகாஷின் அம்மா முகம் மலர்ந்து, "நாங்க வந்த நேரம்" என்றார். தர்மராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. சகுனம், ராசி, நல்ல நேரம் என்று யாராவது பேசினால் முகத்துக்கு நேராகத் திட்டி அனுப்புகிறவர் அவர். அவரே கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைக் கையில் எடுத்தார்.

பாரி சுவரோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். தன் சென்சார், தான் வைத்த அளவு, தான் அடித்த லோ வோல்டேஜ் பொய், எல்லாம் சேர்ந்து ஓவியாவை இன்னொருத்தனுக்குக் கட்டிவைக்கப் பாடுபடுகின்றன. வாய் மூடி நின்றால் அவன் மானம் தப்பும். தங்கவயலில் ஒருவருக்கும் அவன் தப்பு தெரியப்போவதில்லை. ஓவியா போய்விடுவாள். வாயைத் திறந்தால், தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ளும் கடைசி உரிமையும் இந்த மண்டபத்தோடு போய்விடும்.

"சகுனம் பாக்கறது நம்ம கொள்கை இல்ல" என்று தர்மராஜ் மைக்கில் தொடங்கினார். "இருந்தாலும் இன்னைக்கு, இவங்க உள்ள வந்தப்போ நாம எல்லாரும் கண்ணால பாத்தோம்..."

"மாமா, ஒரு நிமிஷம்" என்றான் பாரி. அப்படியே நடந்து முன்னால் வந்துவிட்டான். "அது சகுனம் இல்ல. என் தப்பு."

மண்டபம் அவனைப் பார்த்தது.

"மேல கிண்ணம் மாதிரி ஒண்ணு கீது பாருங்க, அதான் கண்ணு. அது சூரியனப் பாக்காது, கீழ தரையத்தான் பாக்கும். தரையில இருந்து எவ்ளோ வெளிச்சம் திரும்பி வருதோ, அத வெச்சு லைட்ட ஏத்தும், எறக்கும். நான் அளவு வெச்சப்போ ஹால் காலி. செவப்புத் தரை வெளிச்சத்த முழுங்கிடும். இன்னைக்கு நாம எல்லாம் வெள்ளையில உக்காந்துகினு கீறோம். வெள்ளை எல்லா வெளிச்சத்தையும் மேல அனுப்புது. அது நல்லா வெயில் அடிக்குதுன்னு நெனச்சு லைட்ட எறக்கிடுச்சு. இவங்க பட்டுல, கலர் சட்டையில வந்தாங்க. இருட்டிப்போச்சுன்னு நெனச்சு ஏத்திடுச்சு. அவ்ளோதான்."

"அப்போ வோல்டேஜு?" என்றார் தர்மராஜ்.

"வோல்டேஜ் நல்லாத்தான் கீது. பொய் சொன்னேன்."

யாருக்கும் நம்பிக்கை வந்த மாதிரி தெரியவில்லை. பாரிக்கு அது பொறுக்கவில்லை. தன் தப்பை ஒத்துக்கொண்டது போதாது, அதை நிரூபித்தும் ஆக வேண்டும் என்று அவனுக்குள்ளிருந்த இன்ஜினியர் கிளம்பிவிட்டான். ஆகாஷ் குடும்பத்தை எழுந்து சுவரோரம் போகச் சொன்னான். பின்னால் இருந்த வெள்ளை உடுத்தியவர்களை நடுவுக்கு வரச் சொன்னான். மண்டபம் மங்கியது. அவர்களைப் பின்னால் அனுப்பி, பட்டுப் புடவைகளை மறுபடி கூட்டிவந்தான். மண்டபம் பளிச்சென்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். "இன்னொரு தடவ பாருங்க" என்றான் பாரி. பெண் பேச வந்தவர்கள் இன்னொரு தடவை எழுந்து சுவரோரம் போனார்கள். ஆகாஷ் மட்டும் மேலே பார்த்துக்கொண்டு, உண்மையான அக்கறையோடு, "மூணு சென்சார் போட்டிருக்கணும் இல்லீங்களா?" என்று கேட்டான். "ஆமாங்க, மூணு வேணும்" என்றான் பாரி, இப்படி விஷயம் தெரிந்த ஒருவர் கிடைத்த மகிழ்ச்சியில். எதற்காக முன்னால் வந்தோம் என்பதையே அந்த நிமிஷம் அவன் மறந்திருந்தான்.

"பாரி" என்று ஒரு குரல் கேட்டது. ஓவியா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். "லோ வோல்டேஜ் இல்ல. சகுனமும் இல்ல. புரிஞ்சுது. அத இப்ப ஏன் சொல்றீங்க?"

"அவங்க வந்ததால வெளிச்சம் வரலன்னு உங்களுக்குத் தெரியணும்னு."

"தெரிஞ்சுகினேன். அப்புறம்?"

"அத வெச்சு நீங்க ஒரு முடிவுக்கு வந்துடக் கூடாதுன்னு."

"நான் எந்த முடிவுக்கு வந்தா உங்களுக்கு இன்னா?"

அவன் வாயைத் திறந்தான். லக்ஸ் வரவில்லை, சென்சார் வரவில்லை. தேடிப் பார்த்தும் சொல்ல வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கத்தில் தர்மராஜ் கையில் மைக் திறந்தே இருக்கிறது என்பதை அவன் கவனிக்கவில்லை.

"எனக்கு உங்களப் புடிக்கும் ஓவியா. மூணு வருஷமாப் புடிக்கும். என்னக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அதை கோரமண்டல் முழுவதற்கும் சொன்னது. மாதா கோயில் பக்கம் ஒரு நாய் பதிலுக்குக் குரைத்தது. சுனிதா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

முதலில் வாய் திறந்தவர் தர்மராஜ். "இத்தினி நாளா என்ன மாமா மாமான்னு கூப்புட்டது இதுக்குத்தானா?"

"ஆமா மாமா" என்றான் பாரி. அவனுக்கு அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை.

ஓவியாவின் முகம் சிவந்திருந்தது. வெட்கத்தால் அல்ல. "ரயில்ல கேட்டிருக்கலாம்" என்றாள். குரல் உடைந்தது. "தெனமும் கேட்டிருக்கலாம். நான் சாவி குடுக்க வந்தப்போ கேட்டிருக்கலாம். நானே வாயத் தெறந்து கேட்டேன். அப்போல்லாம் வுட்டுட்டு, இவங்கள இவ்ளோ தூரம் வரவெச்சு, எழுப்பி உக்காரவெச்சு, இவங்க முன்னாடி கேக்கறீங்க. இவங்க மனசு இன்னா ஆவும்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

பாரி நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான். ஆகாஷின் அம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். இரண்டாம் முறை எழுப்பிவிட்டு உட்காரச் சொல்ல மறந்திருந்தான். அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை, களைப்பு. கை கூப்பி, "மன்னிச்சிடுங்கம்மா" என்றான்.

"பரவாயில்ல" என்றது ஆகாஷ்தான். "அம்மா, உக்காருங்க."

"மொதல்ல இவங்களுக்குச் சாப்பாடு போடுங்க" என்றாள் ஓவியா. "நீங்களே போடணும். இவங்க வவுறு காஞ்சு திரும்பிப் போனா, நான் இந்த ஜென்மத்துல உங்களோட பேச மாட்டேன்."

ஒரு ஜென்மத்துக்குமேல் இருப்பதாக அந்த மண்டபத்துக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை என்றாலும் யாரும் அதைக் கிளப்பவில்லை. பந்தி விரித்தார்கள். பாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோறு போட்டான், சாம்பார் ஊற்றினான், கேட்டதற்கெல்லாம் ஓடினான். ஊர் மொத்தமும் வெள்ளையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டதால் விளக்குகள் கடைசிப் படிவரை இறங்கி, எதிர் இலையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி யாரும் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் விளக்கம் சொல்லிவிடுவான் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. அவன் பாயச வாளியோடு சுவரோர வரிசைக்கு வந்தபோது ஆகாஷின் அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு டம்ளரை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா" என்றார். "எங்க வூட்டுப் பக்கம் மட்டும் லைட்டு போட வந்துடாத."

பக்கத்தில் சிரித்தார்கள். ஆகாஷும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. பாரி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தான். ஓவியா மோர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எதிர்வரிசையில் வந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டான், பதில் இன்னும் வரவில்லை. இரண்டாம் முறை கேட்கத் தைரியம் இல்லை, கேட்க உரிமையும் இல்லை என்று தோன்றியது.

மண்டபத்தின் அந்தக் கோடியில் தர்மராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓவியா நின்றாள். இந்தக் கோடியிலிருந்தே, எல்லாருக்கும் கேட்கும்படி அவரைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நாளைக்கு சுனிதா அக்காவ நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க. பேசி முடிச்சிடலாம்." பாரியைக் கடந்து போகும்போது சொன்னாள், "இவர் வர வேணாம். வந்தா லைட்டப் பத்திப் பேசுவாரு."

பாரிக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கையில் வாளி, மறு கையில் கரண்டி, துடைக்க வழியில்லை. மண்டபம் இருந்த இருட்டில் அது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த இலைக்காரர் டம்ளரைத் தட்டி, "பாயசம் வருமா வராதா?" என்று கேட்டார்.